வட்டத் துண்டுகள்

கத்தரிக்கோலின் பிடி சூடாக இருந்தது.

மாஸ்டர் அதை மேசையில் திரும்ப வைத்தார். ஒரு நிமிடம் பார்த்தார். மறுபடியும் எடுத்து உள்ளங்கையில் உருட்டினார். வெயில் பட்ட சூடு இல்லை. கட்டிங் மேசை போட்டிருந்த மூலைக்கு வெயில் எட்டிப் பார்த்ததே கிடையாது. இது கைச்சூடு. அவர் மாடியில் மதியத் தூக்கம் போட்ட நேரத்தில் யாரோ அந்த வளையத்துக்குள் கட்டைவிரலை நுழைத்து, நீண்ட நேரம் வெட்டியிருக்கிறார்கள். படிக்கட்டில் அவர் காலடி கேட்டதும் போட்டுவிட்டு நகர்ந்திருக்கிறார்கள்.

கட்டிங் மாஸ்டரின் கத்தரியை இன்னொருவர் தொடுவது கிடையாது. மாஸ்டர் பல் துலக்கும் பிரஷ்ஷைக்கூட இரவல் கொடுப்பார், கத்தரியைக் கொடுக்க மாட்டார் என்று கடையில் கேலி உண்டு. ஒரு கைக்கு இழைந்த இரும்பு மறு கைக்குப் போனால் வாய் விலகிவிடும். பிறகு துணியை வெட்டாது, மெல்லும். மகன் சின்ன வயதில் அதை எடுத்துக் காகிதம் வெட்டி முதுகு வீங்க அடி வாங்கியிருக்கிறான்.

"யாருடா என் கத்தரிய எடுத்தது?"

முன்னறையில் ஓடிக்கொண்டிருந்த மெஷின்கள் நின்றன. மகன் தலையைத் தூக்காமல், "யாரும் எடுக்கலப்பா" என்றான். அவனுக்குப் பக்கத்து மெஷினில் இருந்த தையல்காரர், வாயை ஒரு நொடி மூடாதவர் என்பதாலேயே 'மௌனி' என்று பேர் வாங்கியவர், அன்று பேருக்கு ஏற்றாற்போல் உட்கார்ந்திருந்தார். பிறகு இருவரும் ஒரே சமயத்தில் பெடலை மிதித்தார்கள்.

மாஸ்டர் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து நாடி பார்த்துக்கொண்டார். அது சீராக ஓடியது. அந்த நாடி சீரானதிலிருந்துதான் மற்றதெல்லாம் கோணலாகத் தொடங்கியது என்று அவருக்கு ஒரு எரிச்சல்.

கீழே கடை, மேலே வீடு. முன்னறையில் மெஷின்கள், நடு அறையில் அவருடைய மேசை, பின்னால் துணிக்கட்டும் வேஸ்ட் மூட்டையும் அடைத்த ஸ்டோர் ரூம். பாதி ஆயுளை அந்த மேசைக்கு முன்னால் நின்றே கழித்தவர். போன வருடம் நெஞ்சுக்குள் தாளம் தப்ப ஆரம்பித்தது. நாலு அடி ஓடும், ஒன்று தடுக்கும், திடீரென்று தறிகெட்டுப் பறக்கும். "மெஷின்ல நூல் சிக்கிக்கிட்டு வீல் மட்டும் சுத்துமே, அந்த மாதிரி" என்று டாக்டரிடம் சொன்னார். டாக்டருக்குப் புரிந்ததோ இல்லையோ, தொடை ரத்தநாளம் வழியாக மெல்லிய குழாயை நெஞ்சுவரை ஏற்றி, தாளத்தைக் கெடுக்கும் இடங்களில் சூடு வைக்க வேண்டும் என்றார்.

"மாட்டுக்குத்தான் சூடு வைப்பாங்கன்னு நெனச்சேன்" என்று மாஸ்டர் சொன்னதை நர்ஸுகள் இரண்டு நாள் சொல்லிச் சிரித்தார்கள்.

ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தபோதும் அவரால் சும்மா இருக்க முடியவில்லை. தனக்கு மாட்டிய வெள்ளைக் கவுனின் கழுத்தைப் பிடித்து இழுத்து, "இதை எவன் வெட்டினான்? மனுஷன் கழுத்துக்கு வெட்டினானா, பானைக்கு வெட்டினானா?" என்று கேட்டார். அந்தப் பேச்சு ஆஸ்பத்திரி ஸ்டோர் மேனேஜர் காதுக்குப் போய், தலை வழியாக மாட்டும் வெள்ளைக் கவுன்கள் தைக்கும் ஆர்டராகத் திரும்பி வந்தது. நெஞ்சில் சூடு வாங்கப் போன இடத்தில் ஆர்டரும் வாங்கி வந்த மனுஷன் என்று மௌனி தெருவெல்லாம் சொல்லித் திரிந்தார்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது டாக்டர் ஒன்று சொன்னார். அப்போது அவர் மாஸ்டரைப் பார்க்கவில்லை, கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சூடு வெச்ச இடத்துல பொடிப்பொடியா ரத்தம் கட்டலாம். அதுல ஒரு துளி மூளைக்குப் போயிடுச்சுன்னா சில பேருக்கு வெளியில தெரியவே தெரியாது. கை கால் இழுக்காது, வாய் கோணாது. ஸ்கேன்ல மட்டும் ஒரு புள்ளி தெரியும். அதனால ரத்தம் உறையாம இருக்கற மாத்திரையை நான் சொல்றவரைக்கும் நிறுத்தக் கூடாது. மனசு நோகாமப் பாத்துக்குங்க, டென்ஷன் வேண்டாம்."

கடைசியில் சொன்னதை மனைவி பிடித்துக்கொண்டாள். முதலில் சொன்னதை மாஸ்டர் பிடித்துக்கொண்டார். தெரியவே தெரியாது. வீட்டுக்கு வந்த பிறகும் அந்த வார்த்தை அவருக்குள் கிடந்து அரித்தது. தெரிகிற வியாதி என்றால் சண்டை போடலாம். வந்ததும் தெரியாமல், உட்கார்ந்ததும் தெரியாமல் தலைக்குள் குடியிருக்கும் ஒன்றை என்ன செய்வது?

இருந்தும் மாத்திரையை நிறுத்தினார். காரணம் வெள்ளைத் துணி. தையல் வேலையில் விரலில் ஊசி குத்தாத நாள் கிடையாது. சப்பிவிட்டு வேலையைப் பார்ப்பதுதான் வழக்கம். அந்த மாத்திரை சாப்பிட ஆரம்பித்ததும் ரத்தம் நிற்கவே மாட்டேன் என்றது. குண்டூசி முனை பட்ட இடத்திலிருந்து துளித்துளியாக இறங்கி, விரித்து வைத்த கவுன் துணியில் பூப்பூவாக ஊறியது. ஒரு முழு அடுக்கு பாழானது. ஆஸ்பத்திரிக்கு ரத்தக்கறையோடு கவுன் அனுப்பினால் ஊர் சிரிக்காதா? நாடிதான் சீராகிவிட்டதே. அன்றிலிருந்து மனைவி கொடுக்கும் மாத்திரையை நாக்கடியில் ஒதுக்கிக்கொண்டு போய் வாஷ்பேசினில் துப்பினார். விரல் சீக்கிரம் காய்ந்தது. துணி சுத்தமாக இருந்தது.

சூடான கத்தரிக்குப் பிறகு அவர் காதைத் தீட்டிக்கொண்டார்.

அவர் மேசைக்கு வந்தால் பேச்சு நின்றது. ரேடியோவின் சத்தம் குறைந்தது. அவர் வெட்டிக் கட்டிவைத்த அடுக்குகளை முன்பெல்லாம் மௌனி நேராக மெஷினுக்கு எடுத்துப் போவார். இப்போது மகன் வந்து, "எண்ணி வெச்சிடறேம்பா" என்று ஸ்டோர் ரூமுக்குத் தூக்கிக்கொண்டு போனான். துணியை எண்ண ஒரு மதியமா? மதியத் தூக்கத்துக்கு மாடியேறச் சொல்லி மனைவி காட்டும் அவசரமும் அவருக்குப் பிடிபடவில்லை. கல்யாணம் ஆன நாள் முதல் அவரைத் தூங்கவிடாமல் பேசியவள் அவள். மூவரும் எதையோ சேர்ந்து செய்கிறார்கள். அவர் இல்லாத நேரத்தில், அவருடைய மேசையில், அவருடைய கத்தரியால்.

நோயாளி ஆனதும் மனுஷனை ஓரங்கட்டிவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். இத்தனை சீக்கிரம் நடக்கும் என்றுதான் அவர் நினைக்கவில்லை. அந்த மேசையை எடுத்துவிட்டால் மாஸ்டர் யார்? தொடையில் ஓட்டை போட்டுக்கொண்டு வந்த ஒரு கிழவன். அவ்வளவுதான்.

அந்த வாரத்தில் ஒரு மதியம் விழித்தபோது அறையில் கதவு இல்லை.

அவர் பதறவில்லை. தூக்கக் கலக்கம் என்று உட்கார்ந்தார். அலமாரி இருந்தது. நாற்காலியில் அவருடைய துண்டு கிடந்தது. சமையலறையில் மனைவி ஏதோ தாளிக்கும் வாசனையும், கடுகு வெடிக்கும் சத்தமும் வந்தன. அவை எந்தப் பக்கமிருந்து வருகின்றன என்று திரும்பினார். சுண்ணாம்பு அடித்த சுவர். எழுந்து போய்த் தடவினார். வழவழவென்று, குளிர்ச்சியாக, ஒரு விரிசல்கூட இல்லாமல் மூலையிலிருந்து மூலைவரை போயிற்று. இரண்டு உள்ளங்கையையும் பதித்து அங்குலம் அங்குலமாகத் தேடினார்.  கூப்பிடலாம் என்றால், சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களைக் கூப்பிடுவதில் ஏதோ கூச்சம்.

பிறகு அவர் கைக்குப் பக்கத்திலேயே சுவர் அசைந்து, மனைவி உள்ளே வந்தாள். "என்னங்க, சுவரத் தடவிக்கிட்டு நிக்கறீங்க?"

"பல்லி" என்றார் மாஸ்டர்.

அவள் அவரையே பார்த்தாள். எங்கே பல்லி என்று கேட்கவில்லை. "சரி, வாங்க" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனாள். கேட்டிருக்கலாம். வழக்கமாக அவள் கேட்பாள்; பல்லியை விரட்டத் துடைப்பமும் எடுத்து வருவாள்.

மறுநாள் காலை, மகன் நூல் வாங்கப் போன நேரத்தில், மாஸ்டர் ஸ்டோர் ரூமுக்குள் நுழைந்து வேஸ்ட் மூட்டையைக் கவிழ்த்தார்.

வெட்டு மிச்சத்தைப் பார்த்தால் போதும், யார் வெட்டியது என்று கட்டிங் மாஸ்டர் சொல்லிவிடுவார். தலை வழியாக மாட்டும் கவுனுக்குத் தோள்பட்டையில் துணியை மடித்து, நடுவில் கழுத்தை வெட்டி எடுக்க வேண்டும். அப்போது ஒவ்வொரு கவுனுக்கும் முகம் அகலத்துக்கு ஒரு வட்டத் துண்டு விழும். மூட்டையின் அடியில் அந்த வட்டங்கள் கிடந்தன. அள்ளி மடியில் போட்டுப் பார்த்தார். ஓரமெல்லாம் பல்பல்லாக இருந்தது. நிறுத்தி நிறுத்தி, பயந்து பயந்து வெட்டிய கை. அவர் வெட்டினால் வளைவு ஒரே மூச்சில் போய்ச் சேரும். இப்படிக் கடித்த மாதிரி இருக்காது. இது மகன் வெட்டியது.

ஆக, அவர் அளவாக வெட்டிய கழுத்தை இவன் மறுபடி வெட்டிப் பெரிதாக்கிக் கெடுக்கிறான். ஆஸ்பத்திரியிலிருந்து சரக்கு திரும்பி வரும். கிழவனுக்குக் கை போயிற்று என்று நாலு பேர் முன்னால் சொல்லலாம். பெற்ற பிள்ளை! கோபத்தில் காது அடைத்தது. கத்தலாமென்று வாயைத் திறந்தவர், அப்படியே நின்றார்.

அவர் வெட்டிய வட்டங்கள் எங்கே?

கழுத்தை அவர் வெட்டியிருந்தால் அந்தத் துண்டுகளும் இங்கே இருக்க வேண்டும். மூட்டையை முழுக்க உதறினார். கை ஓரத்து முக்கோணங்கள் இருந்தன. நீள நீளமான விளிம்புகள் இருந்தன. அவை அவருடையவை, வெட்டைப் பார்த்தாலே தெரிந்தது. வட்டம் மட்டும் ஒன்றுகூட அவருடையது இல்லை. இரண்டாவது மூட்டையையும் கவிழ்த்தார். பஞ்சுத் தூசி எழும்பி மூக்கில் ஏறியது. இல்லை. ஒளித்து வைத்திருப்பார்கள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். தன் குரலே தனக்கு நம்பும்படியாக இல்லை.

அன்று சாயங்காலம் மனைவி வழக்கமான பரீட்சையை நடத்தினாள். பக்கவாதம் வந்திருக்கிறதா என்று பார்க்க யாரோ சொல்லிக் கொடுத்தது அது. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, "ரெண்டு கையையும் தூக்குங்க" என்றாள். தூக்கினார். "சிரிங்க." பல்லைக் காட்டினார். "ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

"கீழ என் வேலைய யாரு திருத்தறா?"

வெளியே மழை கறுத்துக்கொண்டு வந்தது. அவளுடைய முகம் இருட்டில் இருந்தது. காதுத் தோட்டின் கல் மட்டும் மினுங்கியது.

"யாரும் திருத்தல. நீங்க வெட்டுனா அதுல திருத்த என்ன இருக்கு? மனசப் போட்டு அலட்டிக்காதீங்க."

அவர் அந்தப் பதிலைக் கேட்கவில்லை. அவளுடைய வாயைத் தேடிக்கொண்டிருந்தார். குரல் வந்தது, தாலிக்கொடி பேச்சுக்கு ஏற்ப ஏறி இறங்கியது, ஆனால் முகத்தில் எங்கேயும் எதுவும் திறந்து மூடியதாகத் தெரியவில்லை. இருட்டு, என்று நினைத்தார். மனைவி எழுந்து விளக்கைப் போடக் கையை நீட்டியபோது, "போடாதே" என்று ஏன் கத்தினார் என்று அவருக்கே விளங்கவில்லை. அவள் போடவில்லை. சரி என்றும் சொல்லாமல், ஏன் என்றும் கேட்காமல் போய்விட்டாள். இப்போதெல்லாம் யாரும் அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசுவதில்லை. சுவரோடு வாழ்வது போல இருந்தது.

அடுத்த நாளும் மழை விடவில்லை. பகலெல்லாம் மேசையில் நின்று வெட்டினார். அத்தனை நிதானமாக அவர் என்றுமே வெட்டியதில்லை. நீல சாக்பீஸால் கோடு போட்டு, இஞ்ச் டேப்பை இரண்டு தடவை வைத்துப் பார்த்து, கழுத்து வளைவை ஒரே மூச்சில் ஓட்டினார். வட்டத் துண்டு விழுந்ததை அவர் காதால் கேட்டார். கேட்டதாகத்தான் அவருக்கு ஞாபகம். மகன் வந்து அடுக்கைத் தூக்கிக்கொண்டு போனான். சாயங்காலம், தலை வலிக்கிறது என்று சொல்லிவிட்டு மாடியேறிக் கண்ணை மூடாமல் படுத்தார்.

மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்குள் மற்ற சத்தங்கள் ஒவ்வொன்றாக முங்கிப் போக, கடையின் ஷட்டரை யாரோ பாதியில் இறக்கும் கிரீச்சொலியும், மெஷின்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓய்ந்ததும், மனைவியின் செருப்பு படிக்கட்டில் இறங்கிப் போனதும் மட்டும் அவர் காதுக்குத் தப்பவில்லை. நனைந்த துணியின் புழுக்கமும் மெஷின் எண்ணெயின் வாடையும் படிக்கட்டு வழியாக மேலே ஏறி வந்தன. பிறகு அது கேட்டது. கரக். நிதானமாக, அடுக்குத் துணியைக் கடிக்கும் இரும்பின் சத்தம். கரக். அவருடைய கத்தரியின் சத்தம் அவருக்குத் தெரியாதா? பெற்ற பிள்ளையின் அழுகையைப் போல அதைக் கூட்டத்தில்கூட அடையாளம் கண்டுபிடிப்பார்.

எழுந்தார். அறைக் கதவு அதன் இடத்தில் இருந்தது. அதுவரைக்கும் பிழைத்தோம் என்று தோன்றியது. வெறுங்காலோடு படியில் இறங்கினார். ஈரக் காற்று கணுக்காலைத் தொட்டது. நாடி சீராக ஓடியது. பயத்தில்கூட அது எகிறவில்லை என்பது அவருக்கு அருவருப்பாக இருந்தது, தன் உடம்பு தன் கட்சியில் இல்லாதது போல.

கீழ்ப்படி. சுவரை ஒட்டி நின்றார். மேசைக்கு மேலே ஒற்றை பல்பு.

மகன் அவருடைய இடத்தில் நின்றிருந்தான். கையில் அவருடைய கத்தரி. எதிரே மௌனி துணியின் இரு முனையையும் பிடித்திருந்தார். மனைவி கீழே குனிந்து எதையோ பொறுக்கினாள். வட்டத் துண்டுகள்.

"இந்தக் கட்டுலயும் ஒண்ணுலகூடக் கழுத்து இல்ல தம்பி" என்று மௌனி கிசுகிசுத்தார். "ஒரு சாக் கோடுகூட இல்ல. ரெண்டு பக்கமும் கைய அளவெடுத்து வெட்டினவர், நடுவ அப்படியே வுட்டுட்டார். நேத்து நான் பாக்காம ஒண்ண முழுசாத் தெச்சே முடிச்சிட்டேன். வாய் தெச்ச மூட்டை மாதிரி தொங்குது பாருங்க."

"மெதுவாப் பேசுங்க. அம்மா, அப்பா தூங்கிட்டாரா?"

"தூங்கிட்டார். சீக்கிரம் முடிடா. நாளைக்கு ஸ்கேன். அதுவரைக்கும் அவர் காதுல எதுவும் விழக் கூடாது. மனசு விட்டுடுவார்."

மாஸ்டர் வெளிச்சத்துக்குள் வந்தார். யாரும் அலறவில்லை. மகன் கத்தரியை மேசையில் வைத்துவிட்டு ஒரு அடி பின்வாங்கினான், காகிதம் வெட்டி மாட்டிக்கொண்ட அதே முகத்தோடு.

மகன் இன்னும் வெட்டாத ஒரு கவுன் துணியை மாஸ்டர் கையில் எடுத்து விரித்தார். பல்புக்கு நேரே பிடித்தார். கழுத்து இருந்தது. அழகாக, வட்டமாக, அவர் கைப்பட்ட வளைவு. ஆள்காட்டி விரலை அதன் விளிம்பில் ஓட்டினார். விரல் சுற்றிக்கொண்டு போய்ப் புறப்பட்ட இடத்துக்கே வந்தது.

"இதோ கழுத்து. இதுக்கு மேல என்ன கழுத்து வேணும் உங்களுக்கு?"

 மௌனி வாயைத் திறந்தார். மனைவி மௌனியின் கையை அழுத்தினாள்.

"ஆமாப்பா" என்றான் மகன். "இருக்கு. சரியாத்தான் இருக்கு."

அப்போதுதான் மாஸ்டருக்கு உண்மையில் பயம் வந்தது. இவன் பொய் சொல்லும் குரல் அவருக்குத் தெரியும். பள்ளிக்கூடம் போகாமலேயே 'போனேன்' என்று சொன்ன குரல் அது. கழுத்து இருந்தால் இவன் எதற்குப் பொய் சொல்ல வேண்டும்? சண்டை போட்டிருந்தால் தாங்கியிருப்பார். கண் தெரியலையா உங்களுக்கு என்று கத்தியிருந்தால் அறைந்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பார். சரி என்கிறானே.

தெரியவே தெரியாது என்று டாக்டர் சொன்னது, தலைக்குள் எங்கேயோ, பக்கத்தில் நின்று சொல்வது போலக் கேட்டது.

"ட்ரயல் பாத்துடுவோம்" என்றார். துணியில் சந்தேகம் வந்தால் தையல்காரனுக்கு இருக்கும் ஒரே வழி அது. போட்டுப் பார்ப்பது. உடம்பு பொய் சொல்லாது.

கொக்கியில், மௌனி பார்க்காமல் தைத்த கவுன் தொங்கியது. அதை எடுத்தார்.

"வேண்டாங்க" என்றாள் மனைவி. உடனே நாக்கைக் கடித்துக்கொண்டவள் போல, "சரி, போடுங்க. மெதுவா" என்றாள்.

கைகளை நுழைத்தார். தலையை விட்டார். புதுத் துணியின் கஞ்சி மணம். இழுத்துவிட்டார். கவுன் தோளில் வந்து உட்கார்ந்தது. தலை வெளியே வந்துவிட்டது. நிச்சயமாக வந்துவிட்டது, கழுத்தில் காற்றுப் பட்டது.

கண்ணைத் திறந்தார்.

வெள்ளை.

மேசை இல்லை. பல்பு இல்லை. ஆட்கள் இல்லை. எல்லாப் பக்கமும் வெள்ளை, மிக அருகில்.

"பாத்தியா?" என்றார். "எவ்வளவு சரியா உக்காந்திருக்கு!"

மூச்சை இழுத்தார். வெள்ளை வாய்க்குள் வந்தது. விட்டார். போனது. இழுத்தார். வந்தது.

யாரோ தேம்பினார்கள். தூரத்தில். காலடி. இரும்பு மேசையில் உரசி எழுந்த சத்தம்.

"அசையாதீங்கப்பா." மகனின் குரல். "அப்படியே நில்லுங்க."

கன்னத்தில் குளிர்ச்சியாக ஒன்று பட்டது. அவருக்குத் தெரிந்த குளிர்ச்சி. தன் சொந்தக் கத்தரி, முகத்தின் மேல். கரக். நெற்றி ஓரமாக ஏறியது. கரக். காதைத் தாண்டியது. அவர் அசையவில்லை. அசைந்தால் என்ன ஆகும் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? கரக். தாடைக்குக் கீழே, குரல்வளைக்கு மேலே.

வெள்ளை விலகி விழுந்தது.

குனிந்து பார்த்தார். காலடியில் ஒரு வட்டத் துண்டு. ஓரமெல்லாம் பல்பல்லாக. அப்படியானால் கழுத்து இருந்திருக்கவில்லை. இத்தனை நாளும் இருந்திருக்கவில்லை. இவர்கள் சொன்னது உண்மை.  பெற்ற பிள்ளையைத் திருடன் என்று நினைத்தோமே என்று வெட்கமாக இருந்தது. மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்துத் தலையைத் தூக்கினார்.

மேசை இருந்தது. பல்பு இருந்தது. மெஷின்கள், நூல்கண்டுகள், கொக்கிகள், எல்லாம் அப்படியே இருந்தன. மூன்று பேரும் நின்றிருந்தார்கள்.

மூன்று பேருக்கும் முகத்தில் திறப்பே இல்லை.

கண் இல்லை. வாய் இல்லை. காதிலிருந்து காதுவரை தோல் ஒரே துண்டாக, சுருக்கம் இல்லாமல், இழுத்துப் பிடித்த துணி போலப் போயிற்று. மனைவியின் தோடு மினுங்கியது. மகனின் மீசை இருந்தது. அதற்குக் கீழே வழவழப்பு.

"அப்பா?" அந்த வழவழப்பிலிருந்து குரல் வந்தது. "அப்பா, என்னப்பா?"

மாஸ்டர் கத்தவில்லை. கத்தத் தோன்றவில்லை. அவருக்கு இப்போது விஷயம் விளங்கிவிட்டது. துணி ஒன்று மட்டும் இல்லை. இவர்களையும் அவர்தான் வெட்டாமல் விட்டிருக்கிறார். எத்தனை நாளாக இப்படி, பார்க்கவும் முடியாமல் வாய்விட்டுச் சொல்லவும் முடியாமல், அவருடைய தப்பைச் சுமந்துகொண்டு வீட்டுக்குள் நடமாடியிருக்கிறார்கள். ஒரு வார்த்தை சொன்னார்களா? அவருக்கு அவர்கள் மேல் அத்தனை பாசம் பொங்கியது.

கவுனின் ஓட்டையில் தலை நீட்டியபடியே மேசைக்குப் போனார். நீல சாக்பீஸை எடுத்தார். மகன் கீழே வைத்திருந்த கத்தரியை எடுத்தார்.

"மாஸ்டர்..." என்று மௌனியின் குரல் ஆரம்பித்தது.

"விடுங்க, எதுவும் சொல்லாதீங்க" என்றது மனைவியின் குரல், நடுங்கிக்கொண்டு. "அவர் போக்குல விடுங்க. மனசு நோகக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

"அசையாம நில்லு" என்றார் மாஸ்டர், மிக மென்மையாக.

அவள் அசையாமல் நின்றாள். அவர் பல்பு வெளிச்சத்துக்கு அவளைத் திருப்பினார். உள்ளங்கையால் அந்த வழவழப்பை ஒரு தரம் நீவிவிட்டார். ஈரமாக இருந்தது, ஏன் என்று தெரியவில்லை. சாக்பீஸை வைத்து, கை நடுங்காமல், ஒரே மூச்சில் வளைவைப் போட்டார். நாடி சீராக ஓடியது. பிறகு, மடிப்பு நழுவாமல் பிடிப்பது போல இடது கையால் அவளுடைய தாடையைப் பிடித்துக்கொண்டு, கத்தரியின் முனையை எங்கே வைத்துத் தொடங்குவது என்று பார்த்தார்.